மல்லாட்டைக் கொல்லையும் மூன்று வீடுகளும்

நெய்வேலி, வடலூர் பக்கத்தில் யாரிடமாவது "ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து எங்கேயாவது போகலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் பதில் பிச்சாவரம். அது பார்த்துச் சலித்த இடம் என்றால் கடலூர் சில்வர் பீச். டீசல் செலவுக்கு அஞ்சாதவர்கள் என்றால் பாண்டிச்சேரி. நானும் இத்தனை வருஷமாக அந்தக் கட்சிதான். இனிமேல் இல்லை! இந்தப் புரட்டாசிக் கடைசியில் நெய்வேலி நகரியத்து எங்கள் வட்டத்து ஆட்கள் ஒரு வேன் பிடித்துப் போய்வந்த ஊர்களின் பெயரைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். காடாம்புலியூர் பக்கம் ஒரு கொல்லை, வடலூர், கருங்குழி, மேட்டுக்குப்பம், மருதூர். அவ்வளவுதான். அன்றாடம் பஸ் போர்டில் கண்ணில் படுகிற பெயர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ஊட்டிக்குப் போய்த் திரும்பியபோதுகூட எனக்கு இப்படி மனசு நிறைந்ததில்லை.

முதலில் மாதத்தின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். புரட்டாசி பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். எங்களுக்கு வாய்த்த ஞாயிறு இரண்டுக்கும் நடுவே நழுவி வந்த நாள். முந்தின இரவு ஒரு நல்ல தூறல், காலையில் மூடாப்பு. சித்திரையில் இந்தச் செம்மண்ணில் வெறுங்கால் வைக்க முடியாது. கார்த்திகையில் வண்டிச் சக்கரம் புதைந்துவிடும். புரட்டாசிக் கடைசிதான் சரியான கணக்கு. அதைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு உண்டு. ஆடிப்பட்டத்தில் விதைத்த மல்லாட்டையை, அதாவது மற்ற ஊர்க்காரர்களின் வேர்க்கடலையை, பிடுங்குகிற காலம் இது. நாங்கள் பார்க்கப்போன பழைய வீடுகளில் வாழ்ந்த வள்ளலார் பிறந்ததும் இந்த மாதத்தில்தான்: 1823 அக்டோபர் 5. அந்த நாளைத் தனிப்பெருங்கருணை நாளாகக் கடைப்பிடிப்பதென்று தமிழக அரசு 2021-ல் அறிவித்தது. பிறந்த நாள் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு போனதால் எந்த இடத்திலும் நெரிசல் இல்லை. இன்னொரு சௌகரியம், புரட்டாசி ஆனதால் வேனில் ஒருவரும் பிரியாணிப் பேச்சை எடுக்கவில்லை. கூட்டமாகப் போகிற பயணத்தில் பாதிச் சண்டை அதிலேயே மிச்சம்!

வந்தவர்களில் பெரும்பாலோர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள், பேரப் பிள்ளைகள், எதிர்வீட்டு ஆயா. 1957-ல் நேரு வந்து தொடங்கிவைத்த நெய்வேலிச் சுரங்கம் இந்த வட்டங்களுக்கெல்லாம் சோறு போட்டது. நிலக்கரியின் மேல் கிடக்கிற மண்ணைப் பக்கெட் வீல் எந்திரத்தால் அள்ளி அள்ளிக் கொட்டியே காலத்தைக் கழித்தவர்கள் எங்கள் அண்ணன்மார். அந்த மண்ணை டன் கணக்கில்தான் அவர்களுக்குத் தெரியும். அதில் ஒரு செடி எப்படி வேர் பிடிக்கிறது என்று குனிந்து பார்க்க சர்வீஸில் யாருக்கு நேரம் இருந்தது? அன்றைக்கு இருந்தது. ஆர்ச் கேட் தாண்டி வேன் பண்ருட்டி ரோட்டில் ஏறியதும் ஆளாளுக்கு ஜன்னல் சீட்டுக்குப் போட்டி போட்டதைப் பார்க்க வேண்டுமே! பேரன்கள் தோற்றுப்போனார்கள்.

கொல்லை, எங்களோடு வந்த ஓர் அக்காவின் சம்பந்தி வீட்டாருடையது. ரோட்டை விட்டு இறங்கியதுமே முந்திரி. இந்தப் பக்கமும் முந்திரி, அந்தப் பக்கமும் முந்திரி. கிளைகள் தரையைத் தொட்டுப் படர்ந்து, உள்ளே நுழைந்தால் கூரைக்கடியில் புகுந்ததுபோல நிழல். பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்து இறக்கிய மரம் இந்த மண்ணையே சொந்த ஊராக்கிக்கொண்டுவிட்டது. காய்ப்பு பங்குனி, சித்திரையில்தான். இப்போது ஆவணியில் கவாத்து பண்ணிய கிளைகளில் செம்பு நிறத்தில் தளிர் விட்டிருந்தது. அதுவே ஓர் அழகு. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. ரகங்கள் எந்த வரிசை, அப்பா காலத்து நாட்டு மரங்கள் எந்த வரிசை என்று சம்பந்தி காட்டிக்கொண்டே போனார். எங்கள் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தன. அவருக்கு ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு சுபாவம்.

தோப்பின் நடுவே பலா மரங்கள். "பழம் இல்லாத காலத்தில் பலாத் தோப்புக்கு வந்த ஒரே கூட்டம் நாமதான்" என்று யாரோ கிண்டல் செய்தார்கள். அப்போதுதான் சம்பந்தி ஒரு மரத்தைக் காட்டினார். 2011 டிசம்பர் 30. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய விடியற்காலை. இந்த வட்டாரத்துப் பலாவையும் முந்திரியையும் அது வேரோடு பிடுங்கிப் போட்ட கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். இந்த மரமும் அன்றைக்குச் சாய்ந்ததுதானாம். ஒரு பக்கத்து வேர் மட்டும் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அறுக்காமல் விட்டார்கள். படுத்த நிலையிலேயே தழைத்து, படுத்த அடிமரத்திலிருந்து நிமிர்ந்து கிளம்பி, இன்றைக்கு அதில் மிளகுக் கொடி ஏறிக்கொண்டிருக்கிறது. "போன வருஷமும் காய்ச்சுதுங்க. குனிஞ்சு பறிக்கலாம், ஏணி வேண்டாம்" என்றார். சொல்லும்போது அந்த மனிதர் முகத்தில் இருந்த பெருமை! பிள்ளை கலெக்டரானால்கூட அப்படிச் சொல்வாரா தெரியாது.

பிறகு மல்லாட்டை. ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! செடியை அடியில் கொத்தாகப் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல், லேசாக ஆட்டி எடுக்க வேண்டும். இழுத்தால் செடி மட்டும் கைக்கு வரும், காய் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். இரவுத் தூறல் புண்ணியத்தில் மண் இளகியிருந்தது. நான் பிடுங்கிய செடியைத் தலைகீழாகத் திருப்பி உதறினால், ஈர மண் உதிர உதிர வெளிறிய காய்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. பூ மேலே பூத்து, அதிலிருந்து விழுது கீழே இறங்கி, மண்ணுக்குள் போய்க் காயாகிற விந்தையைப் பள்ளிப் புத்தகத்தில் படித்ததுண்டு. விழுது இறங்கிய நிலையில் இன்னும் காயாகாமல் நிற்கிற ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான். வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள். அவைதான் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கின்றன என்று எங்கள் கூட்டத்து வாத்தியார் பிள்ளைகளுக்கு விளக்கினார். ஒரு காயை உடைத்துத் தோலின் உட்புறத்தைக் காட்டினார் சம்பந்தி வீட்டம்மா. "உள்தோலு கறுத்திருக்கு பாருங்க, முத்திருச்சு. வெள்ளையா இருந்தா இன்னும் எளசு." இனி எந்தக் கடையில் பச்சைக் காய் வாங்கினாலும் உடைத்துப் பார்க்காமல் விடமாட்டேன்.

வரப்போர வேப்ப மரத்தடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கண் செடியில் இல்லவே இல்லை, ஆனாலும் ஒரு காய் தப்பவில்லை. எங்கள் அண்ணன்மாரும் உட்கார்ந்து பார்த்தார்கள். அரைமணி நேரத்தில் அவர்கள் ஆய்ந்ததைப் பார்த்து ஓர் அம்மா, "இவ்ளோ காய்க்குக் கூலி கேட்டு வந்துடாதீங்கண்ணா" என்றதும் தோப்பே சிரித்தது. அப்புறம் உப்புப் போட்டு அவித்த மல்லாட்டை வந்தது, அண்டா நிறைய. தோட்டத்திலிருந்து அடுப்புக்கு நூறு அடி, அடுப்பிலிருந்து வாய்க்கு நாலடி. தோலைப் பல்லால் கடித்தால் உள்ளேயிருந்து சூடான உப்புத் தண்ணீர் நாக்கில் பீச்சியடிக்கும் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காகவே வருஷா வருஷம் வரலாம். கூடவே வெல்லக் கட்டி. பேரப் பிள்ளைகள் செல்போனை எங்கே வைத்தோம் என்பதையே மறந்துவிட்டார்கள்.

புறப்படும்போது நடந்ததுதான் அந்த நாளையே வேறு நாளாக்கியது. வேனின் பின்பக்கம் ஒரு மூட்டை அரிசி, பெரிய பூசணிக்காய்கள், ஒரு வாழைத்தார் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. எங்களுக்குத்தான் என்று நினைத்து, "எதுக்குங்க இதெல்லாம்" என்று உபசாரத்துக்கு மறுத்தோம். "உங்களுக்கு இல்லீங்க. போற வழிதானே, சாலையில இறக்கிடுங்க" என்றார் சம்பந்தி. சாலை என்றால் இந்தப் பக்கத்தில் வடலூர்த் தருமசாலை, பசித்து வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுகிற இடம். அறுப்பு முடிந்தால் சாலைக்கு ஒரு பங்கு என்பது அவர்கள் வீட்டில் தாத்தா காலத்து வழக்கமாம். கொல்லையையும் வள்ளலாரின் பழைய வீடுகளையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்று இரண்டு இடங்களாகத் திட்டம் போட்டவர்கள் நாங்கள். அந்த மூட்டை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

வடலூர். 1867 மே 23-ல் வள்ளலார் இங்கே தருமசாலையைத் தொடங்கினார். அதற்கு 80 காணி நிலத்தைக் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து மக்கள். விவசாயி கொடுத்த நிலத்தில், விவசாயி கொடுத்த தானியத்தில் எரியத் தொடங்கிய அடுப்பு அது, இன்றுவரை அணைந்ததில்லை. சமையல் முடிந்த இரவிலும் தணலைக் காத்து மறுநாளைக்கு மூட்டுகிறார்கள். தாது வருஷப் பஞ்சம் வருவதற்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே பற்றவைத்த நெருப்பு! மூட்டையை இறக்கிவிட்டு அந்த நீண்ட அடுப்பின் எதிரே போய் நின்றோம். உலை கொதிக்கிற சத்தம், விறகுப் புகை, வெக்கை. அனல்மின் நிலையத்துக் கொதிகலன் பக்கத்தில் நின்று பழகிய எங்கள் அண்ணன் ஒருவர் கைகட்டி நின்றுவிட்டார். "நம்ம பாய்லரை மெயின்டெனன்ஸுக்கு வருஷா வருஷம் நிறுத்துவோம்யா. இதை நூத்தம்பது வருஷத்துக்கு மேல நிறுத்தல" என்றார். அதைவிட நல்ல வர்ணனை எனக்கு வரவில்லை.

பந்தியில் உட்கார்ந்தோம். யார் எந்த ஊர், எந்தச் சாதி, எதற்காக வந்தாய் என்ற கேள்வியே கிடையாது. பசியா, உட்கார். எனக்கு இடப்பக்கம் தலைச்சுமை வியாபாரம் செய்கிற ஒருவர், வலப்பக்கம் எங்கள் வட்டத்து ஓய்வுபெற்ற அதிகாரி. சாதம், சாம்பார், ரசம், மோர். ஆடம்பரம் ஒன்றுமில்லை. காலையில் கொல்லையில் நின்ற கால்களோடு அந்தச் சோற்றைச் சாப்பிட்டபோது, இதற்கு முன்னால் எத்தனையோ கல்யாணப் பந்தியில் தின்றதெல்லாம் சும்மா வயிற்றை நிரப்பியதுதான் என்று தோன்றியது. வள்ளலார் எழுதியதில் எதையும் படிக்காதவரும் இந்தப் பந்தியில் ஒருமுறை உட்கார்ந்தால் போதும், சீவகாருணியம் என்ன என்று வயிறு சொல்லிவிடும்.

பக்கத்திலேயே சத்திய ஞான சபை. எட்டுப் பட்டையாக, தாமரைத் தோற்றத்தில், வெட்டவெளி நடுவே நிற்கிறது. 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று முதல் ஜோதி தரிசனம். உள்ளே சிலை கிடையாது. ஏழு திரைகள், ஏழு நிறம், அவற்றுக்குப் பின்னால் ஒரு விளக்கு. தைப்பூசத்தில்தான் ஏழு திரையும் நீக்கிக் காட்டுவார்கள். நாங்கள் போனது சாதாரண நாள். ஆனால் அந்த வெளியில் அடித்த காற்று! உண்ட களைப்பில் ஆயா தூண் நிழலில் சாய்ந்துவிட்டார். எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை.

இனி வீடுகள். அரண்மனை, மாளிகை என்று பார்த்துப் பழகிய கண்ணோடு வராதீர்கள். கருங்குழி வீடு வேங்கட ரெட்டியாருடையது. சென்னையை விட்டு வந்த வள்ளலார் 1858 வாக்கிலிருந்து 1867 வரை தங்கியிருந்த வீடு. திருவருட்பாப் பாடல்களில் எத்தனையோ இங்கே பிறந்தவை. தண்ணீரில் விளக்கு எரிந்த கதையும் இந்த வீட்டில்தான். கதை எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதில் ஓர் இடத்தை எங்கள் ஆயா சொன்னபோதுதான் கவனித்தேன். ரெட்டியார் மனைவி முத்தியாலம்மாள் எண்ணெய்க் கலயம் பழுதாகிப்போனதால் புதுசு வாங்கி வைத்தாராம். எண்ணெய் ஊற்றுமுன் அதில் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாராம். ஏன் தண்ணீர்? "புது மண்சட்டிய அப்படியே பொழங்கக் கூடாதுப்பா. ரெண்டு நாள் தண்ணி ஊத்திப் பழக்கணும். இல்லாட்டி ஊத்துன எண்ணெயெல்லாம் சட்டியே குடிச்சிடும்" என்றார் ஆயா. அந்தத் தண்ணீரைத்தான் எண்ணெய் என்று எடுத்து எடுத்து விளக்கில் விட்டு இரவெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார் என்பது கதை. நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. ஆனால் ஒரு குடும்பத்தலைவியின் கெட்டியான சமையலறைப் பழக்கம் அந்த அதிசயத்துக்குள் ஒளிந்திருக்கிறது பாருங்கள், அதில்தான் என் மனசு போயிற்று! எங்கள் கூட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் அந்த விளக்கைவிட்டு முத்தியாலம்மாளைப் பற்றித்தான் வேன் ஏறும்வரை பேசினார்கள்.

மேட்டுக்குப்பம் சித்திவளாகம். 1870 முதல் வள்ளலார் தங்கிய இடம். இதுவும் அவர் கட்டியதல்ல. வைணவப் பெரியவர்கள் வந்தால் தங்குவதற்காக இருந்த இடம். 1873 ஐப்பசி 7-ஆம் நாள், அதாவது அக்டோபர் 22-ல், இங்கேதான் மஞ்சளும் வெள்ளையுமான சன்மார்க்கக் கொடியைக் கட்டிப் பேருபதேசம் செய்தார். நாங்கள் நின்றது அதே பருவம், அதே மூடாப்பு வானம். அடுத்த தை மாதம், 1874 ஜனவரி 30 இரவு, உள்ளே ஓர் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டவர் திரும்ப வெளியே வரவில்லை. டபிள்யூ. பிரான்சிஸ் 1906-ல் தொகுத்த தென்னாற்காடு கெஸட்டியரில்கூட இந்தச் செய்தி ஏறியிருக்கிறது. ஆங்கிலேய அதிகாரியின் வரி, கணக்குப் புள்ளிகளுக்கு நடுவே மேட்டுக்குப்பத்து அறைக்கு ஓர் இடம்! தைப்பூசம் கழிந்த இரண்டாம் நாள்தான் அந்த அறையைப் பார்க்கிற திருஅறை தரிசனம். மற்ற நாளில் வெளியே நின்று பார்ப்பதுதான். அதுவே போதுமானதாக இருந்தது. பக்கத்தில் விற்ற கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கைப் பொடிகளை வாங்காமல் ஒருவரும் வரவில்லை. வள்ளலார் பரிந்துரைத்த மூலிகைகள். நம்மூர் வேலியில் முளைக்கிறதைக் காசு கொடுத்து வாங்கியது எங்கள் அண்ணன்மாருக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

கடைசியாக மருதூர். ராமையா பிள்ளை, சின்னம்மை தம்பதியின் ஐந்தாவது பிள்ளையாக அவர் பிறந்த வீடு, இன்று நினைவு இல்லம். தந்தை சில மாதங்களிலேயே காலமாகிவிட, தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். பிறந்த வீடும் அவருக்கு நிலைக்கவில்லை. சென்னையில் அண்ணன் வீடு, கருங்குழியில் ரெட்டியார் வீடு, மேட்டுக்குப்பத்தில் யாருக்காகவோ கட்டிய இடம். நாள் முழுக்க "வள்ளலார் வீடு, வள்ளலார் வீடு" என்று சுற்றினோமே, அவருக்கென்று ஒரு வீடு இருந்ததே இல்லை! மனிதர் முன்னின்று எழுப்பியது இரண்டே இரண்டு. ஒன்றில் சோறு, ஒன்றில் விளக்கு. இரண்டும் ஊருக்கு. இந்த ஒரு விஷயம் புத்தகத்தில் படித்தால் தகவல். காலையில் கொல்லையில் தொடங்கி, பந்தியில் உட்கார்ந்து, மூன்று வீட்டு வாசலையும் மிதித்துவிட்டு மருதூரில் நின்று யோசித்தால் தலை கிறுகிறுக்கிறது. கடன் வாங்கி மனை வாங்கி வீடு கட்டிக் களைத்துப்போன நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நீங்களும் போக வேண்டும், அவசியம் போக வேண்டும். போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. வேனைக் காலை ஆறு மணிக்கே எடுங்கள். வெயில் ஏறுவதற்குள் கொல்லையில் இறங்கிவிட வேண்டும். சொந்தக்காரர் கொல்லை இல்லையே என்று கவலைப்படாதீர்கள். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் யாருக்காவது யாரையாவது தெரியாமல் இருக்காது. காய் பிடுங்குகிற நாளைக் கேட்டுக்கொண்டு போனால் வேலைக்கும் ஆள், விருந்துக்கும் ஆள். மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகாதீர்கள், சாலையில் உட்காருங்கள். தெற்கே கருங்குழி, மேட்டுக்குப்பம், மருதூர் எல்லாமே வேனுக்கு எட்டுகிற தூரம்தான், பொழுது சாயுமுன் முடிந்துவிடும். எங்கள் கூட்டம் தை மாதத் திருஅறை தரிசனத்துக்கு அதே வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. சம்பந்தி வீட்டில் பங்குனிக்கும் சொல்லிவைத்திருக்கிறோம், முந்திரிப்பழம் சாப்பிட. ஒரே ஒரு நிபந்தனை: வடலூருக்குக் கை வீசிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். ஒரு பூசணிக்காயாவது தூக்கிக்கொண்டு போங்கள்.